பெட்டியைத் தொலைச்ச பாட்டியைக் கேக்காதீங்க, பணம் வாங்கினவங்களைக் கேளுங்க

வேலும் மயிலும் துணை.

கோலா தெர்லா, திரிங்காப், கம்போங் ராஜா பக்கத்துச் சொந்தங்களே, இது நீளமான பதிவு. பாதியில நிறுத்திட்டுக் கருத்து எழுதாதீங்க. முழுசா படிச்சிட்டு, திட்டணும்னா திட்டுங்க.

போன மாசம் நம்ம பக்கத்துல இருந்து 17 பேர் கிள்ளான் துறைமுகத்துல ஏறி, மூணு ராத்திரி கப்பல் சுற்றுலா போயிட்டு வந்தோம். நானும் கூடப் போனேன். திரும்பி வந்தப்ப மூணு பேரோட பெட்டியில திருட்டு. ரெண்டு பெட்டியில பூட்டு உடைஞ்சிருந்துச்சு. ஒரு பாட்டியோட பெட்டி அடியோட காணோம்.

விஷயம் புலனக் குழுவுல வந்த அன்னிக்கு ராத்திரி மளமளன்னு பதில் வந்துச்சு. ஒவ்வொண்ணா படிச்சேன். கப்பல் கம்பெனி என்ன சொன்னுச்சுன்னு கேட்டது நாலே பேர். மத்தவங்க எல்லாம் பாட்டியைத்தான் கேட்டீங்க. "தோட்டத்து ஜனங்களுக்கு எதுக்குக் கப்பல்?" "நகையை ஏன் எடுத்துட்டுப் போனாங்க?" "போனது போகட்டும், முருகன் பாத்துக்குவான்." "கோயில் குழுவுல இதை எழுதினா கோயில் பேருதான் கெடும்."

இந்த நாலு பேச்சுக்கும் பதில் சொல்லத்தான் இந்தப் பதிவு. கம்பெனி பேரையும் ஏஜெண்ட் பேரையும் இங்க எழுதல. புகார் போகவேண்டிய இடத்துக்குப் போகுது, அங்க பேசிக்கலாம்.

முதல்ல நடந்ததைச் சொல்லிடுறேன், ஆளுக்கொரு கதை வேணாம்.

ஆளுக்கு 1,450 வெள்ளி கட்டினோம். அதுல பாதிப் பேர் தேயிலைக் கொழுந்து பறிச்சே வயசானவங்க. பிள்ளைங்க குடுத்ததைச் சேர்த்து வச்சு, சேமநிதியில மிச்சம் இருந்ததை எடுத்துக் கட்டினாங்க. விடியக் காலை வேன் புடிச்சு சிம்பாங் பூலாய் வழியா இறங்கி, மத்தியானம் துறைமுகத்துல நின்னோம்.

கப்பல்ல பெட்டி எப்படிப் போகுதுன்னு தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். ஏறும்போது பெட்டியில அறை நம்பர் போட்ட அட்டையைக் கட்டி அவங்ககிட்ட ஒப்படைக்கணும். ஸ்கேன் பண்ணி, அவங்களே அறை வாசலுக்குக் கொண்டாந்து வைப்பாங்க. கடைசி ராத்திரி நாம பெட்டியைக் கட்டி அறைக்கு வெளியில நடையில வச்சிடணும். கப்பல் ஆளுங்க ராத்திரியே அள்ளிட்டுப் போவாங்க. காலையில இறங்கின பிறகு துறைமுக மண்டபத்துல வரிசையா அடுக்கி வச்சிருப்பாங்க, நாம தேடி எடுத்துக்கணும். அதாவது ராத்திரி பத்து மணியில இருந்து காலை ஒன்பது மணி வரைக்கும் பெட்டி நம்ம கையில இல்ல. அவங்க கையில இருக்கு. இது நம்ம விருப்பம் இல்ல, அவங்க போட்ட விதி. மண்டபத்துல பெட்டியை எடுக்கும்போது அட்டையைப் பாத்து சரிபார்க்கக்கூட ஒரு ஆள் நிக்கல. யாரு எந்தப் பெட்டியை இழுத்துட்டுப் போனாலும் கேள்வி கிடையாது.

பாட்டியோட பெட்டியில இருந்தது இதுதான்: ரெண்டு பட்டுச் சேலை, பேத்தி வாங்கிக் குடுத்த ஸ்வெட்டர், ஒரு ஜோடி கம்மல், 600 வெள்ளி, ஒரு மாசத்துக்கு வாங்கி வச்ச பிரஷர் மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும்.

அங்க இருந்த முகப்புல போய்ச் சொன்னோம். "துறைமுக ஆளுங்களைக் கேளுங்க"ன்னு சொன்னாங்க. துறைமுகத்துல, "கப்பல் கம்பெனியைக் கேளுங்க." திரும்பப் போனா, "மின்னஞ்சல் அனுப்புங்க." பாட்டிக்குத் தமிழும் தோட்டத்து மலாயும்தான் தெரியும். அந்தப் பொண்ணு இங்கிலீஷ்ல பேசிக்கிட்டே கம்ப்யூட்டரைப் பாத்துச்சே தவிர, பாட்டி முகத்தைப் பாக்கல. "மாத்திரை போயிடுச்சு, நேரத்துக்குச் சாப்பிடணும்"னு நான் மலாய்ல சொன்னேன். "கீழே மருந்துக்கடை இருக்கும்"னு பதில். எழுபத்தி ரெண்டு வயசு ஆளுக்கு உக்கார ஒரு நாற்காலி போடல.

சாப்பாட்டுக் கதையும் இருக்கு, சுருக்கமா சொல்லிடுறேன். சைவம் உண்டுன்னு சொல்லித்தான் பணம் வாங்கினாங்க. வெள்ளிக்கிழமை விரதம் இருந்த ஆறு பேருக்கு முதல் நாள் கிடைச்சது ரொட்டியும் வெட்டின பழமும். "உங்க பேருல சைவம்னு பதியலையே"ன்னாங்க. நாம ஏஜெண்ட்கிட்ட சொன்னோம், அவர் கப்பலுக்குச் சொல்லல. யாரோட தப்போ, பசி மட்டும் நம்மளோடது.

மின்னஞ்சல் அனுப்பினோம். உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்னு தானா ஒரு பதில் வந்துச்சு. மூணு வாரம் கழிச்சு இன்னொண்ணு. வருத்தம் தெரிவிக்கிறாங்களாம். அடுத்த பயணத்துக்கு நூத்துக்குப் பதினஞ்சு தள்ளுபடியாம். பெட்டியைப் பறிகொடுத்தவங்க அதே கப்பல்ல மறுபடியும் பணம் கட்டி ஏறணும், அதுதான் அவங்க குடுக்கிற பரிகாரம்!

இப்போ அந்த நாலு பேச்சுக்கு வர்றேன்.

"தோட்டத்து ஜனங்களுக்கு எதுக்குக் கப்பல்?"

இதை எழுதினவரோட தாத்தா எப்படி இந்த நாட்டுக்கு வந்தாராம்? பறந்தா வந்தாரு? ரஜுலான்னு ஒரு கப்பல் இருந்துச்சு. 1926ல கட்டினது. மெட்ராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, சுவெட்டன்ஹம் துறைமுகம், சிங்கப்பூர்னு 1970கள் ஆரம்பம் வரைக்கும் ஓடுச்சு. அந்த சுவெட்டன்ஹம் துறைமுகம்தான் 1972ல கிள்ளான் துறைமுகம்னு பேரு மாறுச்சு. நாம போன மாசம் ஏறின அதே கிள்ளான். நம்ம ஆளுங்க மேல்தளத்துல பாய் விரிச்சு, வெயில்லயும் மழையிலயும் படுத்து வந்தாங்க. எத்தனையோ பேரைக் கரையிலகூட நேரா இறக்கல. பினாங்குக்குப் பக்கத்துல ஜெரேஜாக் தீவுல நோய்த் தடுப்பு முகாம்ல வச்சிட்டுத்தான் விட்டாங்க. கங்காணி எண்ணி எண்ணித் தோட்டத்துக்குக் கொண்டு போனான். ரஜுலாவுக்குப் பிறகு எம்.வி. சிதம்பரம் வந்துச்சு. அதுவும் 1985 பிப்ரவரியில நடுக்கடல்ல தீப்பிடிச்சு, உயிர்ச்சேதத்தோட முடிஞ்சு போச்சு.

அந்தக் காலத்துல வந்தவங்க கையில ஒரு தகரப் பெட்டி இருந்துச்சு. பல வீட்டுல இன்னும் கட்டிலுக்கு அடியில கிடக்கு, பேரு பெயிண்ட்ல எழுதினது. அப்போ நம்மளைச் சரக்கு மாதிரி ஏத்தினாங்க, கேக்க நாதியில்ல. இன்னிக்கு முழுப் பணம் கட்டி, ரசீது வாங்கி, விருந்தாளியா ஏறினவங்களையும் அதே மாதிரி நடத்துறான். நாமளே சேர்ந்து, "உனக்கெதுக்குக் கப்பல்"னு கேக்குறோம். அவன் குடுத்த அவமானத்தைவிட இது பெருசு. நாப்பது வருஷம் கூடை சுமந்த முதுகு மூணு நாள் நாற்காலியில சாஞ்சு கடலைப் பாத்தா யாருக்கு என்ன நஷ்டம்?

"நகையை ஏன் எடுத்துட்டுப் போனாங்க?"

இந்தக் கேள்வியில கொஞ்சம் நியாயம் இருக்கு, அதை மறுக்கல. கடல் பயணிகளையும் அவங்க சாமான்களையும் பத்தி 1974ல ஏதென்ஸ்ல ஒரு சர்வதேச ஒப்பந்தம் போட்டாங்க. பல கப்பல் கம்பெனிகள் தங்களோட டிக்கெட் விதியிலயே அதைச் சேர்த்திருக்கு. பணம், தங்கம், நகை இதையெல்லாம் பத்திரமா வைக்கச் சொல்லிக் கப்பல்லயே ஒப்படைச்சாத்தான் கம்பெனி பொறுப்புன்னு அதுல இருக்கு. அதனால கம்மலுக்கும் 600 வெள்ளிக்கும் நம்ம வழக்கு கஷ்டம்தான்.

ஆனா அதே ஒப்பந்தத்துல இன்னொண்ணும் இருக்கு, அதை யாரும் நமக்குச் சொல்றதில்ல. நாம அவங்க கையில ஒப்படைச்ச பெட்டி காணாமப் போனா, "எங்க மேல தப்பில்ல"ன்னு நிரூபிக்க வேண்டியது கப்பல்காரன். நாம இல்ல. அதுக்கு நஷ்ட ஈட்டு வரம்பும் போட்டிருக்கு. சர்வதேச நாணய நிதியத்தோட கணக்கு அலகுல, ஒரு பயணிக்கு 1,200. 2002ல திருத்தி அதை 3,375 ஆக்கினாங்க. அந்தத் திருத்தம் 2014ல நடப்புக்கு வந்துச்சு. அது வரம்புதான், முழுசா கிடைக்கும்னு சொல்லல. ஆனா பூஜ்யம்னு எங்கயும் எழுதல. சேலையும் ஸ்வெட்டரும் மாத்திரையும் பெட்டியும் நகை கிடையாது. அதுக்கும் தள்ளுபடிக் கூப்பன் காட்டுறது என்ன நியாயம்?

நகையை ஒப்படைக்கணும்னு பாட்டிக்கு யாரு சொன்னா? டிக்கெட் விதி பக்கம் பக்கமா இங்கிலீஷ்ல இருந்துச்சு. ஏஜெண்ட் காட்டின இடத்துல கையெழுத்துப் போடச் சொன்னாரு, போட்டாங்க. கேசினோ எத்தனை மணிக்குத் திறக்கும்னு ஒலிபெருக்கியில நாலு தடவை சொல்லத் தெரிஞ்ச கப்பலுக்கு, நகையை முகப்புல ஒப்படைங்கன்னு ஒரு தடவை சொல்லத் தெரியலையா?

"போனது போகட்டும், முருகன் பாத்துக்குவான்."

இதைச் சொன்னவங்க மேல எனக்குக் கோபம் இல்ல, வருத்தம்தான். நம்ம கோயில்ல ஒருத்தர் அஞ்சு வெள்ளிக்கு அர்ச்சனைச் சீட்டு வாங்கினாலும் ரசீது கிழிக்கிறோம். திருவிழா முடிஞ்சதும் உபயம் எவ்வளவு, பூ எவ்வளவு, வாழையிலை எவ்வளவுன்னு கணக்கு வாசிக்கிறோம். பத்து வெள்ளி இடிச்சா ஆண்டுக் கூட்டத்துல எழுந்து நின்னு கேக்குறீங்க. கேக்கணும், அது சரி. சாமி காசுக்கே கணக்குக் கேக்குற நாம, கப்பல்காரன்கிட்ட கணக்குக் கேட்டா பக்தி குறைஞ்சிடுமா? முருகன் பாத்துக்குவான், சரி. அதுக்காக நாம பாக்காம இருக்கணும்னு யாரு சொன்னா? கதவைத் திறந்து போட்டுட்டு வேலை காவலுக்கு நிறுத்துறது பக்தி இல்ல, சோம்பேறித்தனம்.

அதோட, விட்டுக் குடுக்கிறது பெருந்தன்மைன்னா, தன்னோட பொருளை விட்டுக் குடுக்கணும். பாட்டியோட பெட்டியை விட்டுக் குடுக்க உங்களுக்கு உரிமை இல்ல.

"கோயில் பேரு கெடும்."

தெளிவா சொல்றேன். இந்தப் பயணத்தைக் கோயில் நிர்வாகம் ஏற்பாடு செய்யல. ஏஜெண்ட் விளம்பரத்தைக் கோயில் புலனக் குழுவுல ஒருத்தர் போட்டாரு. கோயில் குழுவுல வந்ததுனாலதான் பெரியவங்க நம்பினாங்க. அந்த நம்பிக்கைக்கு நாம கடமைப்பட்டிருக்கோம்.

உண்மைக் காரணத்தையும் நானே சொல்லிடுறேன், யாரும் வாய் திறக்க மாட்டேங்கிறீங்க. அந்த ஏஜெண்ட் திருவிழாவுல ஒரு நாள் உபயகாரர். அதனாலதான் இந்தத் தயக்கம். அவர் உபயம் சாமிக்குக் குடுத்தது. அதுக்கு ரசீது போட்டோம், மாலை போட்டோம், பிரசாதம் குடுத்தோம், அந்தக் கணக்கு முடிஞ்சது. பாட்டிகிட்ட வாங்கின 1,450 வெள்ளி வேற கணக்கு. உபயம் குடுத்தவர்னா கேள்வி கேக்கக் கூடாதுன்னு ஆரம்பிச்சா, நாளைக்கு யாரு வேணும்னாலும் ஒரு நாள் பூஜைக் காசைக் கட்டிட்டு நம்ம வீட்டுப் பெரியவங்ககிட்ட என்ன வேணும்னாலும் விப்பான். அப்போதான் கோயில் பேரு கெடும்.

சரி, இது நமக்கு மட்டும் நடக்குதா? இல்ல. உலகம் பூரா இதே பாட்டுத்தான். கேட்டவங்களுக்கும் கேக்காதவங்களுக்கும் வித்தியாசம் உண்டு.

2012 ஜனவரியில இத்தாலிக் கரையோரம் கோஸ்டா கொன்கோர்டியா பாறையில மோதிச் சாஞ்சுச்சு. 32 பேர் செத்தாங்க. கம்பெனி மத்த பயணிகளுக்கு, போன சாமான், பட்ட அவதி எல்லாம் சேர்த்து ஆளுக்கு 11,000 யூரோ தர்றேன்னு முன்வந்துச்சு. "அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீங்க, இது பத்தாது"ன்னு அந்த ஊர் பயனீட்டாளர் சங்கம் எழுந்து நின்னு சொன்னுச்சு. கார்னிவல் டிரையம்ப் கப்பல் 2013 பிப்ரவரியில மெக்சிகோ வளைகுடாவுல இயந்திர அறை தீயால நின்னு போச்சு. 4,000 பேருக்கு மேல கழிவறைகூட இல்லாம நாள்கணக்கா கிடந்தாங்க. அவங்களுக்குப் பணத்தைத் திருப்பிக் குடுத்து, மேல 500 டாலரும் குடுத்து, அடுத்த பயணத்துக்குச் சலுகையும் குடுத்தாங்க. பாருங்க, அங்கயும் அடுத்த பயணச் சலுகை உண்டு. ஆனா கூடவே காசும் குடுத்தாங்க. நமக்குக் கூப்பன் மட்டும் போதும்னு நினைச்சிருக்காங்க.

திருட்டு விஷயத்துல இன்னும் மோசம். அமெரிக்காவுல 2010ல கப்பல் பயணிகள் பாதுகாப்புக்குன்னு தனிச் சட்டமே போட்டாங்க. அதுலகூட 10,000 டாலருக்கு மேல போன திருட்டைத்தான் கப்பல் கட்டாயமா மேல தெரிவிக்கணும். சேலையும் மாத்திரையும் போனா எந்தக் கணக்குலயும் ஏறாது. சுற்றுலாக் கப்பல்கள்ல நிறைய பஹாமாஸ், பனாமான்னு எங்கயோ பதிஞ்ச கப்பல்கள். நடுக்கடல்ல நடந்ததுன்னா எந்த நாட்டுப் போலீஸ்னு கேக்குறதுக்குள்ளயே நம்ம உசுரு போயிடும். அதனாலதான் நாம கேட்டாத்தான் உண்டு. கேக்கலைன்னா நடக்கவே இல்லைன்னு ஆயிடும்.

எப்படிக் கேக்குறது? இதைப் படம் பிடிச்சு வச்சுக்குங்க.

1. ஏஜெண்ட்கிட்ட பணம் கட்டுறதுக்கு முன்னால சுற்றுலா அமைச்சு குடுத்த உரிம எண்ணைக் கேளுங்க. குடுக்கத் தயங்கினா கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க.

2. பெட்டியை ஒப்படைக்கும்போது அறை நம்பர் அட்டையோட போட்டோ எடுங்க. மருந்து, பணம், நகை, பாஸ்போர்ட் நாலும் பெரிய பெட்டியில போகவே கூடாது. கைப்பையில இருக்கணும், இல்லைன்னா கப்பல்ல ஒப்படைச்சு ரசீது வாங்கணும்.

3. பெட்டி காணோம்னா மண்டபத்தை விட்டு வெளியில போறதுக்கு முன்னாலயே எழுத்துல புகார் குடுங்க. நகல் கேளுங்க. வாங்க மாட்டேன்னா, மாட்டேன்னு சொன்னவர் பேரையும் நேரத்தையும் எழுதி வச்சுக்குங்க. அந்த ஏதென்ஸ் ஒப்பந்தப்படி, காணாமப் போனதுக்கு 15 நாளைக்குள்ள எழுத்துல தெரிவிக்கணும். வாய்ல சொன்னது செல்லாது.

4. போலீஸ் ரிப்போர்ட் போடுங்க. எந்த நிலையத்துலயும் போடலாம். கிள்ளான்லயே போட்டா நல்லது.

5. பதில் சரியில்லைன்னா மலேசியப் பயனீட்டாளர் உரிமைக்கோரல் நடுவர் மன்றம் இருக்கு. 1999ம் வருஷத்துப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்துல வந்தது. மனுக் கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரைக்கும் கேக்கலாம். மூணு வருஷத்துக்குள்ள போடணும். அங்க வக்கீல் வச்சு வாதாட வழியில்ல. கம்பெனிக்காரன் பெரிய வக்கீலைக் கூட்டிட்டு வந்து நம்மளை மிரட்ட முடியாது. அவனும் நாமளும் சமமா உக்காரணும். காசு வாங்கிச் செய்யுற சேவையைக் கவனத்தோட செய்யணும்னு அந்தச் சட்டம் சொல்லுது. நியாயமில்லாத ஒப்பந்த விதிகளைப் பத்தி 2010ல தனிப் பகுதியே சேர்த்தாங்க. "நீங்கதான் கையெழுத்துப் போட்டீங்களே"ன்னு சொன்னா பயந்துடாதீங்க.

அர்ச்சனைச் சீட்டு விலைக்கு ஒரு வழக்கு. இதைக்கூட போட மாட்டோம்னா அப்புறம் யாரைக் குறை சொல்றது?

கடைசியா நிர்வாகத்துக்கு ஒரு கோரிக்கை. தொண்டரா கேக்குறேன், பதவிக்காக இல்ல. இனிமே உரிம எண் இல்லாத எந்தப் பயண விளம்பரமும் கோயில் குழுவுல வரக்கூடாது. காசி யாத்திரையா இருந்தாலும் சரி, அறுபடை வீடா இருந்தாலும் சரி, கப்பலா இருந்தாலும் சரி. அடுத்த கூட்டத்துல இதைத் தீர்மானமா வைங்க. உபயகாரர் முகம் வாடுமேன்னு பாக்காதீங்க, பெட்டி போன பாட்டி முகத்தைப் பாருங்க.

வர்ற ஞாயிற்றுக்கிழமை காலைப் பூஜை முடிஞ்சு பசியாறின பிறகு, மண்டபத்துல மேசை போட்டு உக்காருவேன். மூணு குடும்பத்தோட மனுவையும் அன்னிக்கு நிரப்பிடலாம். மலாய்ல நல்லா எழுதத் தெரிஞ்ச தம்பி தங்கச்சிங்க ரெண்டு பேர் வந்தா போதும். கூடப் போன 17 பேரும் பயண ரசீது, போட்டோ, ஏஜெண்ட் அனுப்பின புலனச் செய்தி எல்லாத்தையும் எடுத்துட்டு வாங்க, எதையும் அழிச்சிடாதீங்க. பாட்டிக்கு மாத்திரை மறுபடி வாங்கியாச்சு, உடம்புக்கு ஒண்ணுமில்ல, கவலைப்படாதீங்க.

உதவ முடியாதவங்க பரவாயில்ல. ஆனா இனி பாட்டியைக் கேள்வி கேட்டுக் குழுவுல ஒரு வரிகூட எழுதாதீங்க. அந்தக் கேள்வியை எழுதுற நேரத்துல இந்தப் பதிவை நாலு பேருக்கு அனுப்புங்க. கப்பல் ஏறப் போற யாருக்காவது உதவும்.

முருகா சரணம்.